பறம்பிக்குளம் செல்வோர்க்கு

பிழைப்பின் பொருட்டு வெளியூர்களில் வாழும் நம்மவர், விடுமுறை கிடைத்தால் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ செல்கின்றனர். அவர்கட்கு நாம் பறம்பிக்குளத்தைப் பரிந்துரைக்கிறோம்.

இது பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆயினும் பயணிகள் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் எனத் தமிழகத்தின் வழியே சென்று, ஆனைப்பாடியில் மீண்டும் கேரளத்துள் நுழைகின்றனர். ஆகவே இரு மாநில வனச் சாவடிகளையும் கடத்தல் வேண்டும்.

2010ஆம் ஆண்டு முதல் இவ்வனம் புலிகள் காப்பகமாக விளங்குகிறது. அந்தியில் பொள்ளாச்சியில் இறங்கி, குழந்தைகளுடன் யானை நடமாடும் பாதையில் ஏறலாம் என எண்ணுதல் தகாது. வனத்துறைத் தங்குமிடத்தை முன்னரே பதிவு செய்து, அடையாளச் சான்றுகளுடன் காலையில் புறப்படுக.

வீட்டிலுள்ளோர்க்கு ஏற்பத் திட்டத்தை வகுத்தல் நன்று. முதியோர் உடனிருப்பின், வனத்துறை வண்டியில் சென்று, தூணக்கடவில் ஏறத்தாழ 7 மீட்டர் சுற்றளவுடைய கன்னிமாரா தேக்கைக் கண்டு மகிழலாம். இளைஞர் வழிகாட்டியுடன் காட்டில் நடக்கலாம், தனித்துச் செல்லலாகாது.

இருப்புப்பாதை எழுத்தராகிய நமக்கு இங்கு வேறொரு நினைவும் எழுகிறது. 1907 முதல் 1963 வரை இக்காட்டு மரங்களைச் சாலக்குடிக்குச் சுமந்து சென்றது ஒரு டிராம் பாதை. எண்ணற்ற தேக்குகள் அவ்வழியே சென்றன. கன்னிமாரா மட்டும் வெட்டுக்குத் தப்பி நிற்கிறது. அதன் நிழலில் பிள்ளைகட்கு இவ்வரலாற்றைச் சொல்லுங்கள்.

இயன்றால் ஒரு நாள் விடுப்பை மிகுதியாகப் பெற்றுச் செல்க. அவசரத்தில் வருவோர் சாவடியில் வாதிடுவர், காட்டைக் காணார்.