துண்டு மாட்டும் கம்பி

ஆபீஸில் கோடிக்கணக்கில் ஸ்டேட்மென்ட் போட்டு, "டேலி ஆயிடுச்சு சார்" என்று மேனேஜர் முன்னால் நெஞ்சை நிமிர்த்துகிறவன் நான். அப்பேர்ப்பட்ட என்னை, ஐந்தடிக்கு ஏழடி பாத்ரூம் ஒன்று மூன்று ராத்திரி தூங்கவிடவில்லை என்றால் நம்புவீர்களா?

போன ஐப்பசியில் ஒரு விடியற்காலை. எங்கள் மடிப்பாக்கம் ஃபிளாட்டின் பாத்ரூமில் 'தடால்' என்று ஒரு சத்தம். ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன்.

"ஒண்ணுமில்லைடா, உட்கார்ந்தேன்" என்று உள்ளேயிருந்து அப்பாவின் குரல்.

"ஈரத் தரையிலயாப்பா?"

"ஏன், உட்காரக் கூடாதா?"

அவருக்கு வயசு எழுபத்தாறு. நல்லவேளை, எலும்பு தப்பியது. பத்து நாள் இடுப்புக்குத் தைலம். பதினோராம் நாள் பாத்ரூமையே புதுசாகப் பண்ணிவிடுவது என்று முடிவெடுத்தோம். தரைக்குச் சொரசொரப்பான டைல்ஸ். சுவருக்கும் புது டைல்ஸ். ஷவர் பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு ஸ்டீல் கம்பி.

"கம்பியா? நான் என்ன எலெக்ட்ரிக் ட்ரெயின்லயா குளிக்கிறேன்?" என்றார் அப்பா.

"பிடிச்சுக்க இல்லப்பா... துண்டு மாட்ட" என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டேன்.

கடையில் 18-க்கு 12 அங்குல டைல் பிடித்துப்போனது. நடுவில் ஒரு வரிசை டால்ஃபின் படம் போட்டது வேண்டும் என்று என் மனைவிக்கு ஆசை. சாம்பிளுக்கு ஒரு டைலைத் தூக்கிக்கொண்டு வந்து மேஸ்திரியிடம் காட்டி, "எப்படி ஒட்டப் போறீங்க?" என்றேன்.

"அந்த மூலையில ஆரம்பிச்சுப் போய்ட்டே இருப்போம் சார். மிச்சம் வந்தா வெட்டிக்கலாம்."

இந்த 'போய்ட்டே இருப்போம்'தான் என் தூக்கத்தைக் கெடுத்தது. ஷவர் வரும் எதிர்ச்சுவர் 60 அங்குலம். டைலைப் படுக்கைவசமாக வைத்தால் மூன்று முழு டைல், 54 அங்குலம். மிச்சம் 6. கண்ணுக்கு நேர் எதிரே ஒரு மூலையில் முழுசு, மறு மூலையில் ஒட்டுத்துணி! ஆயுசு பூரா சோப்புப் போட்டுக்கொண்டே அந்தத் துண்டு டைலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா?

மகளின் கிராஃப் நோட்டை இரவல் வாங்கினேன். ஒரு கட்டம் 6 அங்குலம். முதலில் ஒரு டைலைச் சுவரின் நட்டநடுவில் வைத்து இரண்டு பக்கமும் விரித்துப் பார்த்தேன். ஓரத்துக்கு ஓரம் 3 அங்குலம் மிஞ்சியது. அவ்வளவு ஒல்லியாக வெட்டினால் பாதி உடைந்தே போகும். அப்புறம்தான் மூளையில் பல்பு எரிந்தது. டைலுக்குப் பதில் இரண்டு டைல் சேரும் கோட்டை நடுவில் வைத்தால்? 12, 18, 18, 12. கூட்டிப் பார்த்தேன், சரியாக 60! ஓரத் துண்டு பாதி டைலுக்கும் குறைவாக வந்தால், மொத்த வரிசையையும் அரை டைல் நகர்த்திவிட வேண்டும். அவ்வளவுதான் சூட்சுமம். பக்கச் சுவர்கள் 84 அங்குலம். ஷவர் மூலையிலிருந்து நாலு முழு டைல் வைத்தால், 12 அங்குலத் துண்டு வாசல் பக்கம் வந்துவிடும். அங்கே யார் பார்க்கப் போகிறார்கள்?

மறுநாள் படத்தைப் பெருமையோடு நீட்டினேன். மேஸ்திரி கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"யாரு சார், இன்ஜினீயர் போட்டதா?"

"நான்தான்."

"அதான பார்த்தேன். அடிவரியில முழு டைல் போட்டிருக்கீங்களே, தரை சரிவு சார்! தண்ணி ஓட வேணாமா? தரை மேலயே வெச்சுக் கட்டினா மொத்த வரியும் கோணிக்கும்."

என் நெஞ்சு அன்றைக்கு நிமிரவில்லை. அவர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். தண்ணீர் ட்யூப் வைத்து நாலு சுவரிலும் ஒரே மட்டத்தில் குறி போடுவது. அந்தக் கோட்டில் ரீப்பர் கட்டையை அடிப்பது. அதன் மேல் இரண்டாவது வரியிலிருந்து ஆரம்பித்து மேலே போவது. தரைச் சரிவுக்கு ஏற்ற மாதிரி வெட்டி ஒட்டும் அடிவரி கடைசியில்தான்.

"ரீப்பர் எந்த உயரம்?"

"11 அங்குலம் வெச்சுக்கலாம்."

இப்போது கம்பியின் உயரம் தெரிய வேண்டும். அப்பாவைக் கேட்டால் மறுபடி எலெக்ட்ரிக் ட்ரெயின் வரும். அதனால், "அப்பா, இந்த டேப்பைக் கொஞ்சம் பிடிங்களேன்" என்று இடித்துப் போட்ட பாத்ரூமுக்குள் கூப்பிட்டேன். வந்தவர், கரடுமுரடான தரையில் கால் தடுமாறாமல் இருக்க, தன்னையறியாமல் சுவரில் கையை ஊன்றினார். அந்தக் கை நடுங்கியதை அன்றுதான் பார்த்தேன். அவர் போனதும் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. தரையிலிருந்து 34 அங்குலம்.

மேஸ்திரி உதட்டைப் பிதுக்கினார். "11, 23, 35... 35-ல ஜாயின்ட் வருது சார். கம்பியோட ஸ்க்ரூ சரியா டைல் ஓரத்துல உக்காரும். ட்ரில் போட்டா தெறிச்சிடும். கம்பியை ரெண்டு, மூணு அங்குலம் ஏத்திடலாமா?"

"கம்பி அங்கேயே இருக்கட்டும். டைலை நகர்த்துங்க" என்றேன். மேனேஜரிடம்கூட அந்தக் குரலில் பேசியதில்லை.

நோட்டை மறுபடி விரித்தோம். அடிவரி 6 அங்குலம் என்றால் கோடுகள் 18, 30, 42 என்று வரும். 34 என்பது ஜாயின்ட்டிலிருந்து நாலு அங்குலம் மேலே. பயமில்லை. மேலே ஏழு முழு வரி போனால் ஏழரை அடியில் வெட்டில்லாமல் முடியும். கம்பி 24 அங்குலம். அதன் ஒரு முனை மூலையிலிருந்து 6-லும் மறுமுனை 30-லும் வந்தால், இரண்டுமே நிற்குஜாயின்ட்டைத் தொடாது.

ஒரே ஒரு சிக்கல். கம்பி வரும் வரிதான் டால்ஃபின் வரி. மனைவி படத்தைப் பார்த்தாள். "டால்ஃபின் வயித்துலயா ட்ரில் போடப் போறீங்க? பாவம், வேணாம். பிளெயினாவே இருக்கட்டும்."

கடைக்காரர் கால்குலேட்டரைத் தட்டினார். சுற்றுச்சுவர் 24 அடி, உயரம் ஏழரை, கதவைக் கழித்தால் சுமார் 162 சதுர அடி. பெட்டிக்கு 6 டைல், 9 சதுர அடி. "18 பெட்டி, வேஸ்டேஜுக்கு ரெண்டு. இருபது போடட்டுமா சார்?"

நான் நோட்டைத் திறந்தேன். ஒரு வரிக்கு எதிர்ச்சுவரில் 4, பக்கத்துக்கு ஐந்தைந்து, கதவுச் சுவரில் 2, ஆக 16 டைல். எட்டு வரிக்கு 128. கதவுக்கு மேலே வெட்டின துண்டுகளே போதும். இருபது பெட்டியில் 120தான் இருக்கும்! எட்டு டைலுக்காக அப்புறம் போய் நின்றால், பேட்ச் நம்பர் மாறி, நிறமும் மாறி, வெள்ளைப் பல் வரிசையில் தங்கப்பல் மாதிரி இளிக்கும். உடைசலுக்கும் சேர்த்து, ஒரே பேட்சில் 24 பெட்டி வாங்கினேன்.

பிளம்பர் மட்டும், "ஷவர் நாலு அங்குலம் தள்ளி இருந்தா தண்ணி வராதா சார்?" என்று கேட்டார். வரும்தான். ஆனாலும் நடுக்கோட்டிலேயே வைக்கச் சொன்னேன். கம்பி வரும் டைல்களை மேஸ்திரி விரலால் தட்டிப் பார்த்து, 'டொப்' என்று ஒலித்த ஒன்றைப் பெயர்த்தெடுத்து, பின்னால் கலவையை நிறைத்து மறுபடி ஒட்டினார். "பெரியவர் கை வைக்கிற இடம் சார்" என்றார். நான் அவரிடம் சொல்லவே இல்லை.

முதல் வாரம் கம்பியில் துண்டு தொங்கியது. இரண்டாம் வாரம் பார்த்தேன், துண்டைக் காணோம். கதவுக் கொக்கியில் மாட்டியிருந்தது.

"ஏம்ப்பா, கம்பியில மாட்டலையா?"

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஈரத் துண்டு போட்டா துருப்பிடிச்சிடும்டா. காசு போட்டு வாங்கியிருக்கே."

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை.