கியூவில் நிற்பவர் மீது வரும் கோபம்

விசா கிடைத்துப் புதிதாகக் குடியேறிய குடும்பங்கள் எங்களைக் கண்டால் அதிகம் கேட்பது ஆங்கில வகுப்பைப் பற்றித்தான். "பெயர் கொடுத்து ஐந்து மாதமாகிறது, இன்னும் கூப்பிடவில்லை. எங்களை மட்டும்தான் இப்படி இழுத்தடிக்கிறார்களா?" என்கிறார்கள். அப்படியில்லை. லண்டனில் நாங்கள் வேலை செய்யும் சாண்ட்விச் தொழிற்சாலையில், பக்கத்தில் நிற்கும் ருமேனியக்காரரும் சோமாலியப் பெண்களும் இதே கியூவில்தான் நிற்கிறார்கள். இந்தக் கியூ எப்படி நீண்டது என்று தெரிந்தால் வீண் மனக்கசப்புக் குறையும் என்று இதை எழுதுகிறோம். ஓ.எல். உடன் பள்ளிக்கூடத்தை விட்டவர்கள் நாங்கள், பொருளாதாரம் படித்ததில்லை. 2011இல் வந்திறங்கிய நாளிலிருந்து கண்டதையும், பிறகு விசாரித்து அறிந்ததையும் சொல்கிறோம்.

2008இல் இங்குள்ள பெரிய வங்கிகள் தள்ளாடின. ஆர்.பி.எஸ். என்ற ஒரு வங்கியை விழாமல் பிடிக்க மட்டும் அரசாங்கம் ஏறக்குறைய 4,500 கோடி பவுண் போட்டது. தொழில்கள் படுத்து வரி வருமானமும் விழுந்ததால் அரசாங்கத்தின் கடன் ஏறியது. 2010 மே மாதம் கொன்சவேட்டிவ் கட்சியும் லிபரல் டெமோகிரட் கட்சியும் கூட்டாக ஆட்சிக்கு வந்தன. நிதியமைச்சர் ஜோர்ஜ் ஒஸ்போர்ன் சிக்கனம் என்று சொல்லி வெட்டத் தொடங்கினார். 2011 ஜனவரி 4ஆம் திகதி முதல் வற் வரி 17.5 வீதத்திலிருந்து 20 வீதமானது. வங்கியில் கணக்கே இல்லாதவரும் குளிர்கோட்டு வாங்கும்போது அதைக் கட்டினார்.

பெரிய வெட்டு விழுந்தது கவுன்சில்களின் தலையில். 2010க்கும் 2018க்கும் இடையில், விலைவாசியையும் கணக்கில் எடுத்தால், மத்திய அரசு அவற்றுக்குக் கொடுத்த பணம் ஏறக்குறையப் பாதியாகியது. முதியோர் பராமரிப்பையும், ஆபத்திலுள்ள பிள்ளைகளைப் பாதுகாப்பதையும் சட்டப்படி கைவிட முடியாது. ஆகவே நூலகம், இளைஞர் மன்றம், தாய்மாரும் குழந்தைகளும் கூடும் நிலையம் என்று மற்றவற்றில் கைவைத்தார்கள். 2019 வரையில் நாடு முழுவதும் 800க்குக் கிட்டிய நூலகங்கள் மூடப்பட்டன. எங்கள் பகுதி நூலகம் முதலில் வாரத்தில் மூன்று நாளாகியது, பிறகு மேல்மாடி பூட்டப்பட்டது. புதன்கிழமைகளில் ஆங்கில வகுப்பு நடந்தது அந்த மேல்மாடியில்தான். இங்கிலாந்தில் இந்த வகுப்புகளுக்கென்று 2009-10இல் 20 கோடி பவுணுக்கு மேல் ஒதுக்கிய அரசாங்கம், 2015-16இல் ஒதுக்கியது 9 கோடி. அதே ஆட்களே தொலைக்காட்சியில் வந்து, குடியேறியவர்கள் ஆங்கிலம் படிக்க மாட்டோம் என்கிறார்கள் என்று குறைப்பட்டதையும் பார்த்தோம்.

அகதிகளுக்கென்று தனியாகவும் வெட்டுகள் வந்தன. 2013 ஏப்ரலில் சட்ட உதவியைக் குறைத்தபோது, அகதி அந்தஸ்துப் பெற்றவர் மனைவி பிள்ளைகளைக் கூப்பிடுவதற்கு அதுவரை கிடைத்த இலவச வழக்கறிஞர் உதவி நின்றது. 2015 ஆகஸ்டில், வழக்கு முடியாத குடும்பங்களின் பிள்ளை ஒன்றுக்கு வாரம் கொடுத்த 52.96 பவுண் 36.95 ஆக்கப்பட்டது. பால்மாவும் பஸ் காசும் எண்ணிப் பார்த்தவர்களுக்கு இந்த 16 பவுணின் பெறுமதி தெரியும்.

இத்தனையும் நடந்தபோது கத்தியோடு ஒருவரும் வீட்டுக்கு வரவில்லை. சனத்தின் கண்ணுக்குத் தெரிந்தது கியூ மட்டும்தான். வீட்டுக்குக் கியூ, டொக்டருக்குக் கியூ, பள்ளிக்கூட இடத்துக்குக் கியூ. வன்னியில் பொருளாதாரத் தடைக் காலத்தில் சங்கக்கடையில் மண்ணெண்ணெய்க்கு நின்றவர்களுக்கு இது புதிதல்ல. தடை போட்டவர்கள் கொழும்பில் இருந்தார்கள். வாய்த்தர்க்கமோ போத்தலோடு முன்னால் நின்றவருக்கும் பின்னால் நின்றவருக்கும் இடையில்தான்.

இங்கும் அதே கதைதான். முன்னால் நிற்பவர் நிறத்தால் வேறாக, பேச்சால் வேறாக இருந்தால் கோபம் இன்னும் இலகுவாக வருகிறது. 2016 வாக்கெடுப்பில் 51.9 வீதம் பேர் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக வாக்களித்தார்கள். வெட்டு ஆழமாக விழுந்த இடங்களில் யூகிப் கட்சிக்கு ஆதரவு கூடியது என்று வோரிக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தீமோ பெட்சர் 2019இல் வெளிவந்த ஆய்வில் காட்டினார். வெட்டுகள் இல்லாவிட்டால் விலகும் தரப்பு தோற்றிருக்கக்கூடும் என்பது அவருடைய கணிப்பு. 2024 ஆகஸ்ட் 4ஆம் திகதி ரொதரம் அருகே அகதிகள் தங்கியிருந்த விடுதிக்கு ஒரு கும்பல் தீ வைக்கப் பார்த்தது. அந்தக் கும்பலுக்கு நாங்கள் நியாயம் கற்பிக்க வரவில்லை. ஆனால் அங்கே நெருப்பு மூட்ட ஒரு பொய்ச் செய்தி போதுமாக இருந்தது ஏன் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

எம்மவரும் இதற்கு விலக்கல்ல. 1990களில் வந்து கடை வைத்து, வீடு வாங்கிய அண்ணன்மார் சிலர், "இப்ப வாறவங்கள்தான் எல்லாத்தையும் பழுதாக்கினவங்கள்" என்று கலியாண வீடுகளில் கதைப்பதைக் கேட்டிருக்கிறோம். அவர்கள் வந்த காலத்தில் அந்த மேல்மாடி வகுப்பு திறந்திருந்தது, ஆசிரியையும் இருந்தார்.

புதியவர்களுக்கு இன்னொரு விடயம். எங்களுக்கு இதைச் சொன்னவர் தொழிற்சங்கத்திலிருந்த கானா நாட்டு அக்கா ஒருவர். கானாவைப் போல இலங்கையும் பொதுநலவாய நாடு. ஆகவே இலங்கைக் குடியுரிமையோடு, இங்கு தங்க அனுமதி கிடைத்து, 18 வயதானவர் பிரிட்டிஷ் பாஸ்போட் எடுக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கவுன்சில் தேர்தலிலும் பாராளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். பதிவதற்குப் பெயர், விலாசம், பிறந்த திகதி, நாட்டுரிமை, நாஷனல் இன்சூரன்ஸ் இலக்கம் கேட்பார்கள், காசு இல்லை. 2023 மே முதல் இங்கிலாந்தில் வாக்குச்சாவடியில் படமுள்ள அடையாள அட்டை காட்ட வேண்டும். இலங்கைப் பாஸ்போட் போதும். அதுவும் கையில் இல்லாதவர்கள் வாக்காளர் சான்றிதழுக்கு இலவசமாக விண்ணப்பிக்கலாம். தேர்தலுக்கு முன் அதற்கும் கடைசித் திகதி ஒன்று உண்டு, நாளைக் கடத்தாமல் எடுத்து வையுங்கள்.