அரிட்டாபட்டி: ஏழு குன்றுகள் காத்த ஊர், ஊர் காத்த ஏழு குன்றுகள்

காட்டு உயிர்களைப் பார்க்க வேண்டும் என்றால் முதுமலைக்கோ டாப்சிலிப்புக்கோதான் போக வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். மதுரையிலிருந்து மேலூர் போகும் சாலையில் சுமார் 25 கிலோமீட்டர் தூரத்தில், நெல் வயலும் தென்னந்தோப்பும் கண்மாயும் சூழ்ந்த ஒரு கிராமத்தில் வல்லூறு கூடு கட்டுகிறது, தேவாங்கு மரம் ஏறுகிறது, அலங்கு கரையான் புற்றைத் தோண்டுகிறது. அந்த ஊர்தான் அரிட்டாபட்டி.

தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம் இது. அரிட்டாபட்டியிலும் பக்கத்தில் உள்ள மீனாட்சிபுரத்திலுமாகச் சேர்த்து 193.42 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 478 ஏக்கர் நிலத்தை 2022 நவம்பரில் தமிழக அரசு இப்படி அறிவித்தது. இது பெரிய காடு இல்லை. மொட்டைப் பாறைக் குன்றுகளும் அவற்றின் அடிவாரமும்தான். அப்படியிருந்தும் இங்கே 250 வகைப் பறவைகள் பதிவாகியிருப்பதற்குக் காரணம் தண்ணீர்.

பாறையில் விழும் மழை

இங்கே வரிசையாக ஏழு குன்றுகள் நிற்கின்றன. மண் தரையில் மழை பெய்தால் முதல் தண்ணீரை மண் குடித்துவிடும். பாறை அப்படிக் குடிக்காது. சிறு மழைக்கும் தண்ணீர் வழிந்து ஓடிவரும். பாறை இடுக்குகளில் தங்குவது சுனையாகிறது. மீதி ஓடையில் இறங்கி, வரத்துக்கால் வழியாகக் கண்மாய்க்குப் போகிறது. கண்மாயில் நிற்கும் தண்ணீர் மடை வழியாக வயலுக்குப் பாய்கிறது. மண்ணுக்குள் இறங்குவது கிணறுகளில் ஊறுகிறது. இந்தப் பகுதியில் 72 ஏரி, குளங்களும் 200 இயற்கைச் சுனைகளும் 3 தடுப்பணைகளும் இருப்பதாக அரசு அறிவிப்பு கணக்குச் சொல்கிறது. அவற்றில் ஆனைகொண்டான் கண்மாய் பாண்டியர் காலத்தில் வெட்டப்பட்டது.

குன்றை உடைத்தால் பாறை மட்டும் போகாது. சுனை போகும், ஓடை திசை மாறும், கண்மாய்க்கு வரத்து நிற்கும், கடைசியில் கிணறு வற்றும். மேலூர் வட்டாரத்தில் கிரானைட்டுக்காகப் பல குன்றுகள் வெட்டப்பட்டதைக் கண்ணால் பார்த்த அரிட்டாபட்டி மக்கள், தங்கள் ஊர்க் குன்றுகளில் கல் வெட்டுவதை எதிர்த்து நின்றதற்கு இதுதான் அடிப்படை.

யார் யார் குடியிருக்கிறார்கள்?

லகர் வல்லூறு, சாகின் வல்லூறு, ராசாளிக் கழுகு ஆகிய மூன்று வேட்டைப் பறவைகள்தான் இந்த ஊரைப் பறவை ஆர்வலர்களிடம் பெயர் பெறச் செய்தவை. ஆள் எட்டாத செங்குத்துப் பாறை விளிம்பு சாகின் வல்லூறுக்குக் கூடு கட்டும் இடம். லகர் வல்லூறு உலக அளவில் எண்ணிக்கை குறைந்துவரும் இனம். எலி, ஓணான், சிறு பறவைகள்தான் அதன் இரை. அறுப்பு முடிந்த வயலில் எலி பிடிக்க வரும் பறவைக்குக் கூலியும் இல்லை, சாப்பாடும் போட வேண்டியதில்லை.

அலங்கு என்கிற எறும்புத்தின்னிக்குப் பல் கிடையாது. நீண்ட நாக்கால் எறும்பையும் கரையானையும் நக்கித் தின்னும். பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டிதான் என்பதால், ஒன்றைப் பிடித்தாலும் அந்த இடத்தில் இனம் மீள்வதற்கு நாளாகும். அதன் செதில் மருந்தாகும் என்று சொல்லிக் கடத்துகிறார்கள். அந்தச் செதில் நம் நகம் எதனால் ஆனதோ அதனால்தான் ஆனது. உலக நாடுகள் கூடி 2016-ல் எட்டு வகை எறும்புத்தின்னிகளின் வணிகத்துக்கும் தடை போட்டன.

தேவாங்கு இரவில் நடமாடும். மரத்துக்கு மரம் தாவாது. கிளை பிடித்து மெல்ல நகரும். அதனால் மரங்களும் புதர்களும் விட்டுப்போகாமல் தொடர்ந்து இருக்க வேண்டும். பூச்சிதான் முக்கிய உணவு. தேவாங்குக்காகவே நாட்டின் முதல் சரணாலயம், கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூரை மையமாக வைத்து 11,806 ஹெக்டேரில் 2022 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது.

காட்டு உயிர் எல்லாமே விவசாயிக்கு நண்பன் என்று சொல்லிவிட முடியாது. மயில் கூட்டம் நாற்றையும் நிலக்கடலையையும் என்ன பாடு படுத்துகிறது என்பது மானாவாரி விவசாயிகளுக்குத் தெரியும். ஆனால் மயில், அலங்கு, தேவாங்கு மூன்றும் வனஉயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ளவை. கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை உண்டு. பயிர்ச்சேதத்துக்கு நிவாரணம் கேட்டு வனத்துறையில் மனுக் கொடுப்பதுதான் வழி. விஷம் வைப்பது வழியல்ல. விஷம் தின்று செத்த எலியைத் தின்கிற வல்லூறும் ஆந்தையும்கூடச் சாகக்கூடும்.

டங்ஸ்டன் வந்த கதை

பாரம்பரியத் தலம் என்று அறிவித்ததோடு ஆபத்து நீங்கிவிடவில்லை. 2024 நவம்பர் 7 அன்று, நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதிக்கான ஏல முடிவை மத்திய அரசு வெளியிட்டது. தொகுதியின் பரப்பு 2,015.51 ஹெக்டேர், ஏறக்குறைய 5,000 ஏக்கர். அரிட்டாபட்டி பாரம்பரியத் தலமும் அதற்குள் அடங்கியிருந்தது. சுற்றியுள்ள கிராமங்கள் கிராமசபையில் எதிர்ப்புத் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று மேலூர் பகுதி மக்கள் ஆயிரக்கணக்கில் மதுரையை நோக்கி நடந்தே போனார்கள். ஜனவரி 23 அன்று ஏலத்தை ரத்து செய்வதாக மத்திய அரசு அறிவித்தது.

அந்த எதிர்ப்பில் ஆட்சியாளர்களை அசைத்தது வல்லூறு மட்டும் அல்ல, வயலும்தான். இரண்டுக்கும் ஒரே தண்ணீர் என்பதால் ஒன்றைக் காத்தபோது இன்னொன்றும் பிழைத்தது.

நிலம் பறிபோகுமா?

பாரம்பரியத் தலம் என்றதும் விவசாயிகள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். 2002-ம் ஆண்டு பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின் 37-ம் பிரிவின்படி, உள்ளாட்சி அமைப்பைக் கலந்துகொண்டுதான் மாநில அரசு இப்படி ஓர் இடத்தை அறிவிக்க முடியும். மக்கள் வழக்கமாகச் செய்துவரும் விவசாயம், மேய்ச்சல் போன்றவற்றுக்கு இந்த அறிவிப்பால் தடை வரக் கூடாது என்று தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. மக்கள் தாங்களாகவே ஏற்றுக்கொள்ளும் கட்டுப்பாடு மட்டுமே பொருந்தும். யாருக்காவது பொருளாதார பாதிப்பு ஏற்பட்டால் அதற்கு ஈடுசெய்யும் திட்டம் வகுக்க வேண்டிய பொறுப்பும் அரசுக்கு உண்டு.

ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். ஊரில் உள்ள மரம், மீன், பறவை, நாட்டு விதை, நாட்டு மாடு எல்லாவற்றையும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுதிவைப்பது அதன் வேலை. உங்கள் ஊராட்சியில் அந்தப் பதிவேடு இருக்கிறதா, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அடுத்த கிராமசபையில் கேட்கலாம்.

போகிறவர்களுக்கு

வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை போவது நல்லது. கண்மாயில் தண்ணீர் இருக்கும், வலசைப் பறவைகளும் வந்திருக்கும். விடியற்காலையில் போய், வெயில் ஏறுமுன் திரும்பலாம். பளிச்சென்ற நிறத்தில் சட்டை வேண்டாம். கூடு இருக்கும் பாறைப் பக்கம் ஏற வேண்டாம். தாய்ப் பறவை பயந்து பறந்தால் முட்டை வீணாகும். இரவில் டார்ச் அடித்துத் தேவாங்கைத் தேடுவதும் கூடாது. குன்றில் உள்ள குடைவரைச் சிவன் கோயில், இலகுலீசர் சிற்பம், சமணர் படுக்கைகள், தமிழிக் கல்வெட்டுகள் ஆகியவற்றையும் பார்த்துவிட்டு வரலாம்.

இன்னும் அரை நாள் இருந்தால் சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் பக்கமுள்ள வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்கும் போய்வரலாம். 1977-ல் அறிவிக்கப்பட்ட இந்தச் சரணாலயத்தில் நத்தை குத்தி நாரை, வக்கா, வெள்ளை அரிவாள் மூக்கன் எல்லாம் மரம் நிறையக் கூடு கட்டியிருக்கும். பறவைகள் மிரளும் என்பதால் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் பல தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பறவை எச்சம் கலந்த கண்மாய்த் தண்ணீர் அவர்கள் வயலுக்கு உரமாகிறது.