கட்டுப்பாட்டை இழந்த கார்

'வேகக் கட்டுப்பாட்டை இழந்த கார்' என்னும் சொற்றொடரை எத்தனை முறை திருத்தி அச்சுக்கு அனுப்பியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. நமது பத்திரிகைத் தமிழில் அது தேய்ந்துபோன ஒரு நாணயம். 2024 ஏப்ரல் 21 ஆம் திகதி தியத்தலாவையிலிருந்து வந்த செய்தியைப் படித்தபோதும் அதுவே முதலில் நினைவுக்கு வந்தது.

தியத்தலாவை பொக்ஸ்ஹில் பந்தயத்தைப் பற்றிக் கேள்விப்படாத இலங்கையர் குறைவு. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின்னர் ஐந்து ஆண்டுகளாக நின்றுபோயிருந்த அப்பந்தயம் அன்றுதான் மீண்டும் நடைபெற்றது. குண்டுகள் வெடித்த அதே ஏப்ரல் 21! புத்தாண்டு விடுமுறையின் மகிழ்ச்சி மாறாத மக்கள், பிள்ளை குட்டிகளுடன் ஆயிரக்கணக்கில் திரண்டிருந்தனர்.

முதலில் ஒரு கார் ஓடுபாதையோரம் கவிழ்ந்தது. வேகத்தைக் குறைக்குமாறு பணியாளர்கள் மஞ்சள் சமிக்ஞை காட்டிக்கொண்டிருக்கையிலேயே, பின்னால் வந்த சிவப்பு நிறக் கார் ஒன்று சறுக்கி, கூட்டத்தினுள் பாய்ந்தது. எழுவர் மாண்டனர். அவர்களுள் ஒருத்தி எட்டு வயதுச் சிறுமி. பந்தயப் பணியாளர்களும் அதில் அடங்குவர். இருபதுக்கும் அதிகமானோர் காயமடைந்தனர். அந்தக் காணொளியை நான் ஒரு முறைதான் பார்த்தேன்.

பந்தயக் காரொன்று தரையைப் பற்றிக்கொண்டிருப்பது நான்கு சக்கரங்களின் அடியில் உள்ள சிறு பரப்புகளால் மட்டுமே. திரும்புவதற்கும் நிறுத்துவதற்கும் அந்தப் பிடிமானத்தையே பங்கிட்டுக்கொள்ள வேண்டும். வளைவில் பதறிப்போய் பிரேக்கை ஓங்கி மிதித்தால், திருப்புவதற்கு மிச்சம் எதுவும் இருப்பதில்லை. சக்கரங்கள் இறுகிவிட்டால் ஸ்டியரிங் வெறும் வளையம்தான். புழுதிப் பாதையில் இது இன்னும் விரைவில் நேரும். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது பள்ளிக்கூடப் பௌதிகம். எனவே, பந்தயத்தில் கட்டுப்பாட்டை இழப்பது அதிசயமே அல்ல. அந்த எல்லையைத் தொட்டுத் தொட்டு ஓட்டுவதுதானே அந்த விளையாட்டு?

உலகம் இதனை மிகப் பெரிய விலை கொடுத்து அறிந்தது. 1955 ஜூன் 11 ஆம் திகதி, பிரான்சின் லு மான் நகரில் பியர் லெவேயின் மெர்சிடஸ் கார், முன்னால் விலகிய இன்னொரு காரின் பின்புறத்தில் ஏறி, மண் அணையில் மோதிச் சிதறியது. எஞ்சினும் முன் அச்சும் பார்வையாளர்களிடையே பறந்தன. எண்பதுக்கும் மேற்பட்டோர் பலியாயினர், லெவேயும் உயிரிழந்தார். (பந்தயத்தை நிறுத்தவில்லை என்பதுதான் இன்றைக்கும் என்னைத் திகைக்க வைப்பது.) சுவிட்சர்லாந்து சுற்றுப்பாதைப் பந்தயங்களையே தடை செய்தது. லு மானில் பழைய பார்வையாளர் மேடையை இடித்து, பாதையை அகலமாக்கி, மக்களைத் தள்ளி வைத்த பின்னரே 1956 இல் மீண்டும் ஓடினார்கள்.

தியத்தலாவைச் சம்பவத்தின் பின் சாரதிகள் இருவர் கைதாகினர். அவர்கள் எவ்வளவு வேகத்தில் வந்தார்கள் என்று விசாரிக்கட்டும், அது தேவைதான். எனினும், செய்தி எடுக்கப் போகும் இளம் நிருபர் ஒருவர் என்னிடம் வந்தால், ஒரு அளவு நாடாவையும் எடுத்துச் செல்லுமாறு சொல்வேன். ஓடுபாதையின் விளிம்பிலிருந்து அச்சிறுமி நின்ற இடம் எத்தனை அடி? இடையில் இருந்தது என்ன?