வெற்றி இரவின் காலைப்பொழுது

விருதுநகரிலிருந்து சிவகாசிப் பக்கம் போகிறவர்களுக்கு ஆனைக்குட்டத்தில் அர்ஜுனா நதியின் குறுக்கே நீண்டு கிடக்கும் அணைக்கரை கண்ணில் படும். நல்ல மழை பெய்த வருஷத்தில் தண்ணீர் தளும்பி நிற்கும். பொய்த்த வருஷத்தில் சீமைக்கருவேலம் மண்டிய மேடும் பள்ளமும்தான். விருதுநகரின் குடிநீரில் இந்த ஊருக்குப் பங்கு உண்டு. அணையின் ஷட்டர்களில் தண்ணீர் கசிகிறது என்ற செய்தியும் பல ஆண்டுகளாக நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் வந்துகொண்டே இருக்கிறது. இந்த அணையைச் சுற்றிய கரிசல் பூமியில்தான் இந்தியாவின் பட்டாசில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தயாராகிறது. தீபாவளி, தேர்தல் வெற்றி, கிரிக்கெட் கோப்பை என்று நாடு எதைக் கொண்டாடினாலும் தெருமுனையில் வெடிப்பது பெரும்பாலும் இந்த வட்டாரத்துச் சரக்குதான். ஆகவே தேசப் பெருமிதத்தைப் பற்றி யோசிக்க இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. கோப்பை கிடைத்த இரவிலும் மண்ணுக்கடியிலிருந்து பழம்பொருள் கிடைத்த நாளிலும் பொங்குகிற பெருமிதம் உண்மையானதே. ஆனால் அது அன்றாடப் பராமரிப்பாக மாறாதவரை அரைகுறையாகவே நிற்கிறது என்பது என் வாதம்.

2024 ஜூன் 29, சனிக்கிழமை. பார்படாஸ் தீவின் பிரிட்ஜ்டவுனில் டி20 உலகக் கோப்பை இறுதிப் போட்டி. இந்தியா 176 ரன் எடுத்தது. தென்னாப்பிரிக்கா 169-இல் நின்றது. கடைசி ஓவரில் எல்லைக்கோட்டருகே சூர்யகுமார் யாதவ் பிடித்த கேட்ச்சை நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. நம் ஊர்களில் அப்போது நள்ளிரவு நெருங்கிக்கொண்டிருந்தது. 2013-க்குப் பிறகு உலக அளவில் இந்திய ஆண்கள் அணி வென்ற முதல் கோப்பை அது. ஊருக்கு ஊர் சரம் சரமாக வெடித்தது. மறுநாளே கிரிக்கெட் வாரியம் அணிக்கு 125 கோடி ரூபாய் பரிசு அறிவித்தது. ஜூலை 4 அன்று மும்பை மெரைன் டிரைவில் கடலோரத்தை மறைக்கும்படி கூட்டம் திரண்டது. அதே ஜூன் 29-இன் காலையில், சாத்தூர் அருகே பந்துவார்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்து நான்கு தொழிலாளர்கள் இறந்திருந்தார்கள். அன்றைய தமிழ்ச் செய்திகளில் இரண்டும் இருந்தன. காலைச் செய்தி இரவுச் செய்திக்குள் மறைந்துபோனது. யாரும் வேண்டுமென்று மறைக்கவில்லை, மகிழ்ச்சிக்கு அப்படி ஒரு வேகம் உண்டு. அதற்கு முந்தைய வருஷமும் இதே கதைதான். 2023-இல் உள்நாட்டிலேயே நடந்த உலகக் கோப்பையில், அகமதாபாதில் பாகிஸ்தானை வென்றது அக்டோபர் 14. மூன்றாம் நாள், அக்டோபர் 17 அன்று, ரெங்கபாளையத்திலும் கிச்சநாயக்கன்பட்டியிலும் நடந்த வெடிவிபத்துகளில் பத்துப் பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

இந்த மரணங்களை விதி என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. ஏன் என்று புரிந்துகொள்ள ஒரு பட்டாசு ஆலை எப்படி இயங்கவேண்டும் என்று தெரிந்தால் போதும். சின்னச் சின்ன அறைகள், ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு, தப்பி ஓட ஒன்றுக்கு மேற்பட்ட வாசல்களோடு இருக்கவேண்டும். அபாயமான வேலை நடக்கும் அறைக்குள் நான்கு பேருக்கு மேல் கூடாது. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் இவற்றைக் கலக்கும் வேலையை வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடவேண்டும். கலந்த மருந்தை மறுநாளைக்கு மிச்சம் வைக்கக்கூடாது, ஈரம் பட்டால் தானாகவே சூடேறும். இரும்புக் கருவி ஆகாது, உராய்வில் பொறி பறக்கும். உடம்பில் சேரும் நிலைமின்சாரம் போக, தரையோடு இணைத்த உலோகத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். இத்தனையும் எழுத்தில் இருக்கிறது. மீறல் எங்கே நுழைகிறது என்பதும் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்: உள்குத்தகையில். நாக்பூரிலுள்ள மத்திய வெடிபொருள் துறை தரும் உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். அறைகளைப் பிரித்து வேறு வேறு ஆட்களுக்கு வாடகைக்கு விட்டிருப்பார்கள். வாடகை எடுத்தவருக்குச் சீசனுக்குள் போட்ட பணம் திரும்பியாகவேண்டும். நால்வர் இருக்கவேண்டிய அறையில் எட்டுப் பேர், மீதிப் பேர் மரத்தடியில், பேன்சி ரகத்துக்கான மணிமருந்து வெயிலில். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் சுமார் 40 உயிர்கள் போயின. உதவ ஓடியவர்களும் வேடிக்கை பார்க்கப் போனவர்களும் அதில் உண்டு. 2021 பிப்ரவரியில் அச்சங்குளம், 2024 மே மாதம் செங்கமலப்பட்டி, 2025 ஜூலை 1 அன்று சின்னகாமன்பட்டி. ஊர்ப்பெயர்தான் மாறுகிறது.

இதே பட்டாசு வட்டாரத்துக்குள் இன்னொரு பெருமிதமும் முளைத்திருக்கிறது. வெம்பக்கோட்டைப் பக்கம், வைப்பாற்றங்கரையில், விஜயகரிசல்குளத்தின் மேட்டுக்காட்டில் 2022 மார்ச்சில் தமிழகத் தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. பந்துவார்பட்டி விபத்துக்குப் பதினொரு நாள் முன்னால், 2024 ஜூன் 18 அன்று, அதன் மூன்றாம் கட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. சங்கு வளையல்கள், கண்ணாடி மணிகள், சுடுமண் பொம்மைகள், திமில் காளை செதுக்கிய சூதுபவளக் கல் என்று ஆயிரக்கணக்கில் கிடைத்தன. சங்கு அறுத்து வளையல் செய்யும் பட்டறை இங்கே இருந்திருக்கவேண்டும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. எனக்கு அந்தக் காளையைவிட உடைந்த வளையல் துண்டுகள்தான் பெரிதாகப் படுகின்றன. ராஜாவின் கல்வெட்டோ கோபுரமோ இல்லாத ஒரு மேடு இது. கூலிக்கோ விற்பனைக்கோ கைவேலை செய்த சாதாரண மனிதர்களின் இடம். அந்தத் துண்டுகளை எடுக்கிற விதத்தைப் பாருங்கள்: குழியை அளவெடுத்துக் கயிறு கட்டி, மண்ணைப் பிரஷ்ஷால் தள்ளி, ஒரு மணி கிடைத்தால் எந்தக் குழி, எத்தனை சென்டிமீட்டர் ஆழம், எந்த மண்ணடுக்கு என்று எழுதிய பிறகே அதை இடம் மாற்றுகிறார்கள். ஈராயிரம் வருஷத்துக்கு முந்தைய தொழிலாளியின் கையிலிருந்து விழுந்த ஓர் ஓட்டைமணிக்கு இந்த மரியாதை. இன்றைய தொழிலாளி இருக்கும் அறையில் எத்தனை பேர், எவ்வளவு மருந்து இருக்கலாம் என்பதற்கும் விதி இருக்கிறது. அந்த எண்ணிக்கை தினமும் அதே நேர்மையோடு எழுதப்பட்டால் சாவுகளில் பெரும்பகுதி நின்றுவிடும் என்றே நம்புகிறேன்.

உயிருக்கே பாதுகாப்பில்லாத இடத்தில் பானை ஓடு தோண்டுவதற்குக் காசா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கோபம்தான், ஆனால் குறி தவறுகிறது. அகழாய்வை நிறுத்தினால் மிச்சமாகும் தொகை எந்த ஆலையின் வாசலையும் அகலமாக்காது. அங்கே தட்டுப்பாடு பணத்துக்கல்ல, கண்காணிப்புக்கு. பழமையைப் பேணும் வேலை ஒரு சமூகத்துக்குப் பொறுமையைக் கற்றுத்தருகிறது. மாமல்லபுரம் அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அங்கே 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. ரஷ்யாவிலிருந்து மாற்றப்பட்ட போட்டியைச் சில மாதங்களில் நடத்திக் காட்டியது தமிழ்நாடு. குகேஷும் பிரக்ஞானந்தாவும் ஆடிய அணி வெண்கலம் வென்றது. 2024 டிசம்பரில் குகேஷ் உலக சாம்பியன். ஒலிம்பியாட் நடந்த அந்த இரண்டு வாரம் உலகமே படமெடுத்த கடற்கரைக் கோயில் அப்படியே தானாக நிற்கவில்லை. உப்புக்காற்று கல்லைத் தின்கிறது. இந்தியத் தொல்லியல் துறையினர் காகிதக்கூழைக் கல்லின் மேல் அப்பி, உள்ளே ஊறிய உப்பை அது உறிஞ்சியதும் உரித்தெடுக்கிறார்கள். சில காலம் கழித்து மறுபடியும் அப்புகிறார்கள். அலைக்குத் தடுப்பாகப் பாறைகள், காற்றுக்குத் தடுப்பாகச் சவுக்கு. கேமராவோ மேடையோ இல்லாத வேலை. சதுரங்க வீரர் வருஷக்கணக்கில் வீட்டுக்குள் உட்கார்ந்து பழகுவதும் அப்படித்தான்.

இன்னொரு மறுப்பு: வெற்றியைக் கொண்டாடுகிற இளைஞனை ஏன் குற்றவாளி ஆக்கவேண்டும்? ஆக்கவேண்டியதில்லை. சரம் கொளுத்துகிறவன் கையில் நாலு பேரின் சாவு இல்லை. பொறுப்பு ஏற்பாட்டாளர்களுடையது. பெங்களூரு சின்னசாமி மைதானத்தின் வாசலில் 2025 ஜூன் 4 அன்று ஐபிஎல் கோப்பைக் கொண்டாட்ட நெரிசலில் 11 பேர் இறந்தபோதும் ரசிகர்களின் அன்பு தவறு செய்யவில்லை. அவர்கள் உள்ளே போக வழி செய்யாதவர்கள்தான் தவறினார்கள். பெருமிதத்தைத் தூண்டுவோர் அதைத் தாங்கும் கட்டமைப்பையும் செய்துதரவேண்டும் என்பதே நான் கேட்பது.

கெடுபிடி அதிகமானால் தொழிலே படுத்துவிடும் என்பதுதான் உள்ளூரில் ஓங்கி ஒலிக்கும் மறுப்பு. அதில் வலி இருக்கிறது. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தது, மழையை நம்பிப் பிழைக்கமுடியாத பூமி என்பதால். அந்த நிலைமை இன்றும் பெரிதாக மாறவில்லை. உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று பேரியத்துக்கும் சரவெடிக்கும் தடை விதித்துப் பசுமைப் பட்டாசை மட்டும் அனுமதித்தபோது பல குடும்பங்கள் வேலை நாட்களை இழந்தன. ஆனால் அந்தத் தீர்ப்பு வேறொன்றையும் காட்டியது. டெல்லியின் காற்றுக்காக இந்தத் தொழிலின் ரசாயனக் கலவையையே மாற்ற முடிந்திருக்கிறது. நாக்பூரின் சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனமான நீரி சூத்திரம் தந்தது, பெட்டியில் பசுமை முத்திரையும் க்யூஆர் குறியீடும் ஏறின. வாங்குபவரின் நுரையீரலுக்குச் செய்ததைச் செய்பவரின் உயிருக்கும் செய்யலாம். அதே குறியீட்டைத் தட்டினால் ஆலையின் உரிமம் யார் பெயரில், நடத்துவது யார், கடைசியாக எந்தத் தேதியில் சோதனை நடந்தது, என்ன குறை எழுதினார்கள் என்று தெரியட்டும். உள்குத்தகை இருட்டில்தான் பிழைக்கிறது. ஒழுங்காக நடத்தும் முதலாளிகளுக்கு இந்த வெளிச்சத்தால் நஷ்டமில்லை, லாபம்தான். கிரிக்கெட் வாரியமும் அரசு விழாக்களை நடத்துகிற துறைகளும் இந்த விவரம் உள்ள சரக்கையே வாங்குவோம் என்று முதலில் அறிவிக்கலாம். அடுத்த சீசனுக்கான ஆர்டர்கள் தீபாவளி முடிந்த சில மாதங்களிலேயே சிவகாசிக்கு வரத் தொடங்கிவிடும். அந்த ஆர்டர் படிவத்தில் சேர்க்கவேண்டியது இந்த ஒரு நிபந்தனைதான்.