ஊதுபத்தியின் புகை

ஈப்போவில் வளர்ந்த எனக்குக் குளிர் என்றால் கேமரன் மலைதான். ஆகவே, ஜூன் மாதத்தில் மெல்பர்ன் நகரம் நடுங்க வைக்கும் என்று அக்கா தொலைபேசியில் எச்சரித்தபோது நான் பொருட்படுத்தவில்லை. அக்காவுக்குக் குழந்தை பிறந்திருந்தது. பள்ளி விடுமுறையில் அம்மாவும் நானும் அங்குச் சென்றோம்.

அக்காவும் அத்தானும் வாங்கியிருந்தது பழைய வீடு. வரவேற்பறைச் சுவரில் அலமாரி போன்ற ஓர் எரிவாயு வெப்பமூட்டி இருந்தது. மாலையானதும் கதவு, சன்னல்களை அடைத்துவிட்டு அதை முடுக்குவோம். குழந்தையின் தொட்டில் அதற்கு எதிரே இருந்தது.

மூன்றாம் நாளிலிருந்து அம்மாவுக்குத் தலைவலி. “குளிர் ஒத்துக்கொள்ளவில்லை” என்று தைலம் தேய்த்துக்கொண்டார். கடைக்குப் போனால் வலி விட்டுவிடும். வீடு திரும்பினால் மீண்டும் வந்துவிடும். அது ஏன் என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

வெப்பமூட்டியைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் பழுதாகியிருந்ததால், அத்தான் எல்லாவற்றையும் மாற்ற நினைத்தார். “ஊரில் எரிவாயுத் தோம்பை நான்தானே மாற்றுவேன்? இதையும் நானே செய்துவிடுகிறேன்” என்றார். அக்கா ஒப்பவில்லை. விக்டோரியா மாநிலத்தில் உரிமம் பெற்றவர்தான் எரிவாயு வேலையைச் செய்யலாம். அத்தான் முணுமுணுத்துக்கொண்டே தொழில்நுட்பர் ஒருவரை அழைத்தார்.

வந்தவர் பழைய வெப்பமூட்டியை உடனே கழற்றவில்லை. எரியவிட்டுச் சிறிது நேரம் காத்திருந்தார். கதவுகளை மூடச் சொன்னார். சமையலறையிலும் குளியலறையிலும் உள்ள காற்று வெளியேற்றும் விசிறிகளைச் சுழலவிட்டார். பிறகு, புகை வரும் பொருள் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அம்மா ஓர் ஊதுபத்தியை ஏற்றிக் கொடுத்தார். அதை வெப்பமூட்டியின் மேற்பகுதியில் பிடித்தார். புகை உள்ளே இழுக்கப்பட்டுப் புகைபோக்கி வழியாக வெளியேற வேண்டும். ஆனால், அது திரும்பி எங்கள் முகத்தை நோக்கி வந்தது. அவர் கையிலிருந்த கருவியும் கீச்சிட்டது.

விசிறிகள் வீட்டுக் காற்றை வெளியே தள்ள, அந்தக் குறையை ஈடுகட்டப் புகைபோக்கி வழியாகக் காற்று உள்ளே இறங்குகிறது. அதனோடு கார்பன் மோனாக்சைடும் வருகிறது என்று அவர் விளக்கினார். அதற்கு நிறமில்லை, மணமில்லை. முதலில் தலைவலி, பிறகு மயக்கம், மரணம்கூட நேரலாம். நான் அதை அம்மாவுக்குத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

அடுத்த வாரம் புதிய வெப்பமூட்டி வந்தது. எரிவதற்கான காற்றை வெளியிலிருந்தே எடுத்து, கழிவு வாயுவையும் வெளியிலேயே விடும் வகை அது. குழாய் இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவி, குமிழி வருகிறதா என்று தொழில்நுட்பர் பார்த்தார். “தோம்பு மாற்றும்போது நானும் இதைத்தான் செய்வேன்” என்று அம்மா பெருமைப்பட்டார்.

கம்பியின் நீளம் குறையுமே என்று, தெர்மோஸ்டாட்டை வெப்பமூட்டியின் அருகிலேயே பொருத்தச் சொன்னார் அத்தான். தொழில்நுட்பர் சிரித்தார். அங்கு வைத்தால் அது உடனே சூட்டை உணர்ந்து அடுப்பை அணைத்துவிடும். அறையின் மறுபக்கம் குளிர்ந்தே கிடக்கும். சன்னல் வெயிலும் கதவிடுக்குக் காற்றும் படாத உட்சுவரில், ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்தில் அதைப் பொருத்தினார். 20 டிகிரியில் வைத்தோம். அறை குளிர்ந்தால் தானே எரியும். சூடேறினால் தானே அணையும்.

கார்பன் மோனாக்சைடைக் கண்டறியும் எச்சரிக்கை மணி ஒன்றையும் அத்தான் அன்றே வாங்கி வந்தார், யாரும் சொல்லாமலேயே.

அம்மாவின் தைலப் புட்டி அதன்பின் திறக்கப்படவில்லை. ஆனாலும், நாங்கள் ஊர் திரும்பும் நாள்வரை, மாலையில் சாமி கும்பிட்டதும் ஊதுபத்தியோடு வரவேற்பறைக்கு வந்து, வெப்பமூட்டியின் அருகே ஒரு நிமிடம் நின்று, புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் போவார்.