செண்டோல் சொல்லும் பாடம்

வெயில் கொளுத்தும் பிற்பகலில் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் செண்டோல் தேடிப் பலர் வருவர். நீண்ட வரிசையைக் கண்டதும் அதுவே சிறந்த கடை என முடிவுசெய்வர். விவரமறிந்தவரோ முதலில் கிண்ணத்தைப் பார்ப்பார்.

இத்தாலியில் ஜெலாட்டோ என்னும் பனிக்கூழைத் தேடுவோரும் அவ்வாறே செய்வர். பிஸ்தா ஜெலாட்டோ பளிச்சென்ற பச்சையாக இருந்தால் நகர்ந்துவிடுவர். உண்மையான பிஸ்தாவின் நிறம் மங்கலானது. பண்டான் இலைச்சாற்றில் செய்த செண்டோலும் அப்படித்தான். கண்ணைப் பறிக்கும் பச்சை பெரும்பாலும் சாயமே. தென்னம்பாளைப் பதநீரைக் காய்ச்சி எடுத்த குலா மலாக்கா வெறும் இனிப்பாக இராது; அதற்கெனத் தனி மணம் உண்டு.

இலையை அரைக்கவும் தேங்காய்ப்பால் பிழியவும் நேரம் பிடிக்கும். உண்பவர் அந்த உழைப்பின் சுவையை அறிந்து பாராட்டினால்தான் வணிகரும் அதைக் கைவிடாமல் காப்பார்.